ஒரு லிட்டருக்கு ஐந்து கரண்டி

எதைக் கேட்டாலும் சரி என்று சொல்கிற ஒருத்திக்கு என்ன வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? யோகப்பிரியாவை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். இந்தக் கேள்வியை அவளிடமும், அவளைச் சுற்றியிருந்தவர்களிடமும், பல நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னிடமும் கேட்டிருக்கிறேன். தத்துவத்தில் முதுகலை படித்தவன் ஆகையால் கேள்வி கேட்பதில் எனக்குக் களைப்பே வந்ததில்லை.

சாப்பிட்டாயா என்றால் "செரிங்" என்பாள். மழை வருகிறது, உள்ளே போ என்றால் "செரிங்". உன் பெயர் என்ன என்று பரிசோதிக்க வந்த ஓர் அம்மாள் கேட்டபோதுகூட முதலில் "செரிங்" என்று சொல்லிவிட்டுப் பிறகுதான் பெயரைச் சொன்னாள். அதை அந்த அம்மாள் குறையாக எழுதிக்கொண்டார். எனக்கு அது மரியாதையாகப் பட்டது. இரண்டில் எது சரி என்று இன்றுவரை தெரியாது.

யோகப்பிரியா, கேரள எல்லையில் உள்ள மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடு வைத்துப் பிழைக்கிற பழனாத்தாளின் ஒரே மகள். நான்கு வயதில் நடந்தாள், ஆறு வயதில் பேசினாள். பத்து வயதில் அப்பாவை இழந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை கடைசி பெஞ்சு. யாரையும் நிறுத்திவைக்கும் வழக்கம் அங்கே இல்லாததால் வருடாவருடம் அடுத்த அறையின் கடைசி பெஞ்சுக்கு மாறிக்கொண்டிருந்தாள். எட்டு முடிந்ததும் அறைகளும் முடிந்தன. அதன்பின் மூன்று வருடம் வீடு. பழனாத்தாள் புல் அறுக்கவும் பால் ஊற்றவும் போகும்போது மகளை உள்ளே உட்காரவைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவாள். எங்கள் சிறப்புப் பள்ளியில் சேர்க்க வந்த அன்று, யாரும் கேட்காமலே இதைச் சொன்னாள்.

"தாப்பாள் போடறேன் அம்மிணின்னா, அதுக்கும் செரிங்னுதானுங்க மாஷே சொல்லுவா. அழுதா கூடப் பரவால்லீங்க. அந்தச் செரிங்கறதுதான் எனக்குப் பொறுக்கறதில்லை."

பாலக்காட்டில் வாத்தியாருக்கு மாஷ் என்றுதான் பெயர். அந்தப் பெயருக்கு நான் எவ்வளவு தகுதியானவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரன். கல்லூரியில் தத்துவம் கற்பிக்கலாம் என்று பத்து வருடம் காத்திருந்தேன். நான் விண்ணப்பித்த துறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பிறகு சிறப்புக் கல்வியில் ஒரு டிப்ளமா முடித்து, இந்தப் பள்ளிக்குத் தொழிற்பயிற்சி ஆசிரியராக வந்தேன். நான் இதுவரை என்ன தொழில் செய்திருக்கிறேன் என்று நேர்காணலில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் படித்திருக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்க முடியும்.

பள்ளிக்குள்ளேயே ஒரு சிறு வியாபாரம் நடத்தி, அதில் வேலை செய்தே பிள்ளைகள் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் திட்டம். முதலில் மெழுகுவத்தி செய்தோம். நாங்கள் மெழுகுவத்தி செய்யத் தொடங்கிய வருடம் பார்த்து மின்சாரம் போவது நின்றுவிட்டது. அடுத்து காகித உறை. அதை நாங்களே வாங்கி, எங்கள் வீடுகளில் அடுக்கி வைத்தோம். இரண்டுமே என் யோசனைகள். மூன்றாவது யோசனை பள்ளி ஆயா நாச்சம்மாளுடையது, ஆகவே அது நடந்தது.

"மூணு மணிக்கு ஊர்ச்சனம் பூராவும் பால் ஊத்தறதுக்கு சொசைட்டிக்கு நம்ம கேட்டைத் தாண்டித்தானுங்க போகுது," என்றாள். "ஒரு கைல பால் கேனு. இன்னொரு கை சும்மாத்தான இருக்குது. அதுல ஒரு போசி மாவு குடுத்து உடலாம்."

அப்படித்தான் இட்லி மாவு வியாபாரம் தொடங்கியது. காலையில் பிள்ளைகள் அரிசி களைந்து ஊறவைப்பார்கள். மதியம் கிரைண்டர் ஓடும். மூன்றரை மணிக்குப் பள்ளி வாசலில் மேசை போட்டு, பெரிய எவர்சில்வர் அண்டாவில் மாவை வைத்து, வருகிறவர்கள் கொண்டுவரும் போசியில், அதாவது தூக்குப் பாத்திரத்தில், ஊற்றிக் கொடுப்போம். ஒருவருக்கு ஒரு லிட்டர்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எங்கள் கரண்டியில் நான்கு ஊற்றினால் ஒரு லிட்டர்.

கரண்டி யோகப்பிரியாவிடம் வந்தது. அதில் என் பங்கு ஒன்றுமில்லை. வேறு யார் ஊற்றினாலும் மேசை வெள்ளையாகிவிடும். அவள் ஊற்றினால் போசியின் விளிம்பில்கூட ஒரு சொட்டு இருக்காது. நாலு வரை எண்ணுவதை நாச்சம்மாள் சொல்லிக்கொடுத்தாள். பதினோரு மாதம் ஆயிற்று. தண்ணீரை வைத்து, மணலை வைத்து, கடைசியில் மாவை வைத்து, தினமும் இருபது நிமிடம் ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. பன்னிரண்டாம் மாதத்தில் யோகப்பிரியா தப்பில்லாமல் விற்றாள். இந்த இடத்தில் ஒரு நல்ல ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

நான் அந்த வாரம் கல்வியும் பண்பாடும் பற்றி ஒரு நீண்ட கட்டுரை படித்திருந்தேன். படிப்பு பிள்ளைகளின் மண்ணிலிருந்து வர வேண்டும் என்றது கட்டுரை. எனக்கும் அப்படியே தோன்றியது. மறுநாள் வழியில் ஒரு களத்தில் நிலக்கடலை அளந்துகொண்டிருந்தார்கள். அளந்தவர் முதல் படியை ஒன்று என்று சொல்லவில்லை. "லாபம்" என்றார். அடுத்ததை "ரெண்டு" என்றார். பிறகு மூணு, நாலு. இந்தப் பக்கத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் அளக்கிறார்கள். முதல் அளவை ஒன்று என்று சொன்னால் விளைச்சல் ஒன்றோடு நின்றுவிடுமோ என்று ஒரு தயக்கம். கல்பாத்தியில் வளர்ந்த எனக்கு இது புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. பள்ளிக்குள் நுழைந்ததும் நேராகக் கரண்டியிடம் போனேன்.

"கொழந்தே, இன்னிலேந்து மொதல் கரண்டி ஊத்தறச்சே லாபம்னு சொல்லணும். நம்ம ஊர் வழக்கமாக்கும் அது. புரிஞ்சுதோ?"

"செரிங்."

அன்று மாலை வாசலில் நின்று கேட்டேன். "லாபம்" என்ற அவள் குரல் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்து "நாலு" என்று முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்து கரண்டியைப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. கடைசியில் நாலு என்று வந்துவிட்டால் கணக்குச் சரி என்பது என் எண்ணம். நடுவில் என்ன வருகிறது என்று நான் கவனிக்கவில்லை.

நடுவில் ஒன்று வந்துகொண்டிருந்தது. லாபம், ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு. மாஷ் சொல்லச் சொன்ன லாபத்தைச் சொன்னாள். நாச்சம்மாள் பதினோரு மாதம் சொல்லிக்கொடுத்த ஒன்றையும் விடவில்லை. இரண்டு பேரையும் மதித்து நடந்ததில் ஒவ்வொரு போசிக்கும் ஐந்து கரண்டி போயிற்று.

வியாபாரம் பெருகியது. இருபது லிட்டர் அரைத்த இடத்தில் நாற்பது அரைத்தோம். மூன்று மணிக்கே வரிசை நின்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்துகூடப் போசியோடு ஆள் வந்தது. நான் வரிசையின் நீளத்தைக் காலடியால் அளந்து, வாரவாரியாக ஒரு வரைபடம் போட்டேன். பாலக்காட்டில் ஆசிரியர்களுக்காக நடந்த ஒரு கூட்டத்தில் அதைத் திரையில் காட்டி, மண்ணோடு ஒட்டிய எண்ணறிவு மக்களை எப்படி ஈர்க்கிறது என்று இருபது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள். ஒருவர் நகல் கேட்டார். கொடுத்தேன். அதை இப்போது எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை.

நாச்சம்மாள் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தாள். அவள் வேலை உள்ளே, கிரைண்டரிடம். வாசலுக்கு வர அவளுக்கு நேரமில்லை. ஒரு நாள் காலி அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங் மாஷே, நாப்பது லிட்டர் அரைக்கறம். முப்பத்திரண்டு போசிதான் நெறையுது. மிச்சம் எங்கீங்க போகுது?"

"அது காத்தாக்கும் நாச்சம்மா. உளுந்து மாவுல காத்து நெறையக் கெடக்கும். நேரம் ஆறச்சே அடங்கறதாக்கும்."

"அப்ப எட்டு லிட்டரு காத்து அரைக்கறமுங்களா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

"செரி. மாஷ் சொன்னாக் காத்துத்தான்," என்றாள். அந்தச் சரி யோகப்பிரியாவின் சரியைப் போல இல்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

ஆறாவது வாரம் சென்னியப்பன் வந்தார். மீனாட்சிபுரம் பஸ் நிறுத்தத்தை ஒட்டி மாவு மில் வைத்திருப்பவர். நாலு பெரிய கிரைண்டர், முன்னால் விற்கிற மேசை, பின்னால் அரைக்கிற அறை. தன் வாடிக்கைக்காரர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்க்க, வீட்டிலிருந்து ஒரு போசியை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார். மாவு வாங்கினார். கொஞ்சம் தள்ளிப்போய் நின்று, தனக்குப் பின்னால் நின்ற பத்துப் பேருக்கு ஊற்றுவதையும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"நீங்கதான் சுந்தரேசன் மாஷுங்களா? ஒரு லிட்டருக்கு அஞ்சு கரண்டி ஊத்தறீங்க. இப்படி ஊத்தினா நான் கடைய மூடிப்போட்டு உங்க வரிசைல வந்து நிக்க வேண்டியதுதானுங்க."

"நாலு கரண்டிதானே ஊத்தறா. நான் தினம் கேட்டுண்டுதானே இருக்கேன்."

"கேக்காதீங்க மாஷே. பாருங்க."

பார்த்தேன். அடுத்து நின்ற பெண்ணின் போசியில் லாபம் விழுந்தது. பிறகு ஒன்று விழுந்தது. நாற்பதில் முப்பத்திரண்டு என்ற கணக்கு அந்த நிமிடத்தில் எனக்கு வெகு சுலபமாக வந்தது.

"இத்தனை நாளா யாருமே ஏன் சொல்லலை?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறது செரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டமுங்க," என்று சொல்லிவிட்டுப் போசியை மூடிக்கொண்டு போனாள்.

சென்னியப்பன் போகவில்லை. சண்டை போட வந்தவர் என்று நினைத்து நான் தொண்டையைக் கனைத்து, மன்னிப்புக்கு ஏற்ற வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணிக்கைதானுங்க தப்பு. அளவு தப்பில்லை. அஞ்சாவது கரண்டியும் மொதக் கரண்டியாட்டமே இருக்குது பாருங்க. எங்கிட்ட வர்ற ஆளுங்க மூணாவதுல கை தளந்துருவாங்க." அடுத்த போசியும் நிறைவதைப் பார்த்தார். "இந்தப் புள்ளைய எங்கடைக்கு அனுப்புவீங்களா? வேலைக்குத்தான். கூலி மத்தவங்களுக்குக் குடுக்கறதுதான் அதுக்கும்."

பள்ளி தொடங்கி ஒன்பது வருடத்தில் எங்கள் பிள்ளை ஒன்றை வேலைக்கு வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அது என் தவறைப் பார்க்க வந்த இடத்தில் நடந்தது என்பதை ஆண்டறிக்கையில் எழுதவில்லை.

முதலில் எண்ணிக்கையைத் திருத்த வேண்டும். "கொழந்தே, லாபம் வேண்டாம். ஒண்ணுலேந்தே ஆரம்பி" என்றேன். "செரிங்" என்றாள். மறுநாள் லாபம், ஒன்னு, ரெண்டு. லாபத்தை வைத்துக்கொள், ஒன்றை விடு என்றேன். "செரிங்." லாபம், ஒன்னு, ரெண்டு. படம் வரைந்து ஒட்டினேன். நாலு கல்லை வரிசையாக வைத்தேன். ஐந்தாவது கரண்டிக்கு அவள் ஐந்தாவதாக ஒரு கல்லைத் தோட்டத்திலிருந்து தேடி எடுத்துவந்து வைத்தாள். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நான் ஒரே மாலையில் கொடுத்ததைத் திரும்ப எடுக்க எனக்குத் தெரியவில்லை. நாச்சம்மாள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

கடைசியில் சென்னியப்பன் தன் கடையிலிருந்து ஒரு லிட்டர் பிடிக்கிற மக் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். ஒரே முக்கு, விளிம்பு வரை, போசியில் கவிழ்த்துவிட வேண்டும். எண்ணவே வேண்டாம். முதல் நாளே சரியாகச் செய்தாள். பிள்ளையை வேலைக்கு ஏற்ப மாற்ற முடியாத இடத்தில் வேலையைப் பிள்ளைக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று நான் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறேன். இரண்டு முறை.

இனி நிஜமான சிக்கல். எங்கள் பள்ளியில் முப்பது இடம்தான். வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு மாதம் வரை இடத்தை வைத்திருப்போம். அதற்குப் பிறகு அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும், திரும்பி வர முடியாது. இதைப் பழனாத்தாளிடம் சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"கடைக்காரரு ஒரு வருசங் கழிச்சு வேண்டாம்னுட்டா?"

"அப்போ ஆத்துலதான் இருக்கணும்."

"ஊட்டுலன்னா நான் மறுக்கா தாப்பாள் போடோணுமுங்க மாஷே." வாளியைக் கீழே வைத்தாள். "அந்த மூணு வருசம் எப்படிப் போச்சுன்னு எனக்குத்தான் தெரியும். மறுக்கா என்னால முடியாதுங்க. அவளுக்கு நெசமாலுமே புடிச்சிருந்தா அனுப்பறனுங்க. புடிச்சாத்தான் நெலைக்கும். ஆனா அத எப்படித் தெரிஞ்சுக்கறது? நீங்க கேட்டாலும் செரிம்பா, நான் கேட்டாலும் செரிம்பா."

கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். என்ன துணிச்சலில் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

அந்த ஒரு மாதத்தின் முதல் வாரம் நானும் அவளோடு கடைக்குப் போனேன். வேலைத்துணை என்று அதற்கு எங்கள் துறையில் பெயர் உண்டு. காலை ஏழு மணி பஸ். அவள் தொப்பி போட்டு, மேசைக்குப் பின்னால் நின்று மாவு ஊற்றுவாள். நான் மூலையில் நோட்டோடு நின்று கவனிப்பேன். கவனிக்கிற அளவுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. மக் உள்ளே போகும், வெளியே வரும். மூன்றாம் நாள் ஓர் அம்மாள் மாவு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிறு குழந்தையிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"சாப்... புட்டீங்... களா?"

நான் விழித்தேன். அவள் சென்னியப்பனிடம் திரும்பினாள். "பெரியவருக்கும் சேத்தி வேல குடுத்திருக்கீங்களாக்கும். நெம்பப் புண்ணியமுங்க."

"அட, அவரு அந்தப் பள்ளிக்கூடத்து மாஷுங்க. எம்மே படிச்சவரு."

"அப்படீங்களா?" என்று என்னை மறுபடி ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "பாவம்."

யோகப்பிரியா சிரித்தாளா என்று பார்த்தேன். அவள் அடுத்த போசியில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். மறுவாரம் முதல் நான் போகவில்லை.

மாத முடிவு வரை அவளைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. நன்றாகச் செய்கிறாள் என்று அறிக்கையில் எழுதக் கை வரவில்லை. எதற்கும் அவ்வளவு சீக்கிரம் நன்று சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. தவறு செய்யவில்லை என்று எழுதினேன். சென்னியப்பன் ஒரு படி மேலே போய், அவள் உட்கார்ந்து ஊற்றுவதற்கு வாகாக உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கிப்போட்டு, மேசைக்கு மேலே சின்ன மின்விசிறியும் மாட்டியிருந்தார். தெரு தெரிகிற இடம். எங்கள் பிள்ளை ஒன்று ஊர் பார்க்க உட்கார்ந்து வியாபாரம் செய்கிறது என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அவளை வைத்து எனக்குப் பெருமை.

கடைசி சனிக்கிழமை மதியம், கூட்டம் ஓய்ந்த பிறகு, கடையிலேயே கூடினோம். பழனாத்தாள், சென்னியப்பன், நான். ஸ்டூலில் யோகப்பிரியா. நான் இரண்டு அட்டைகள் தயார் செய்து எடுத்துப்போயிருந்தேன். ஒன்றில் பள்ளிக்கூடத்தின் படம், மற்றதில் இந்தக் கடையின் படம். திங்கட்கிழமை முதல் எங்கே போக வேண்டும் என்று அவள் தொட்டுக் காட்ட வேண்டும்.

"ஸ்கூலுக்குப் போறயா கொழந்தே, கடைக்கு வறயா?"

"செரிங்."

கடையின் படத்தைத் தொட்டாள். பழனாத்தாள் மூச்சு விட்டாள். நான் விடவில்லை. கடைசியாகச் சொன்னதைத் தொடுகிறாளோ என்று சந்தேகம். வரிசையை மாற்றிக் கேட்டேன்.

"கடைக்கு வறயா, ஸ்கூலுக்குப் போறயா?"

"செரிங்."

பள்ளியைத் தொட்டாள். மறுபடி மாற்றினேன். கடை. மறுபடி. பள்ளி. ஏழு தடவை கேட்டேன். ஏழு தடவையும் கடைசியாக என் வாயில் வந்ததைத் தொட்டாள். என் முறை பழுதில்லாதது, அதைக் கொண்டு ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது என்பது நிரூபணமாயிற்று. பழனாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் கொடுத்த வாக்கு அந்தப் பார்வையில் இருந்தது.

"மாஷே, சித்த கேக்கறத நிறுத்துங்க," என்றார் சென்னியப்பன். "ஆரும் ஒன்னும் பேச வேண்டாம். சும்மா இருப்பம்."

சும்மா இருந்தோம். அதைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன், செய்து பார்த்ததில்லை. மின்விசிறி ஓடியது. வெளியே பொள்ளாச்சி பஸ் வந்து நின்று போயிற்று. ஒரு கால்மணி நேரம் இருக்கும். யோகப்பிரியா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். தெருப்பக்கம் போகவில்லை. அம்மாவிடமும் போகவில்லை. பின்பக்கத்து அறைக்குள் போனாள்.

அங்கேதான் நாலு கிரைண்டரும் இருந்தன. காலையிலிருந்து அரைத்து, மாவு காய்ந்துபோய், கழுவாமல் கிடந்தன. ஜன்னல் கிடையாது. தரை எப்போதும் ஈரம். கிரைண்டர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. கழுவுகிற ஆட்கள் அந்த அறையில் இரண்டு மாதம் தாங்கமாட்டார்கள் என்று சென்னியப்பன் அடிக்கடி சொல்வார். அவளை யாரும் அந்த வேலைக்கு விட்டதில்லை, சொல்லிக்கொடுத்ததும் இல்லை. குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப்பார்த்தோம். முதல் கிரைண்டருக்குள் தலையைக் கவிழ்த்து, பிரஷால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, அது உன்ற வேலையில்ல கண்ணு. இங்க வா," என்று சென்னியப்பன் கூப்பிட்டார்.

வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். அதற்குள் அவள் மறுபடி உள்ளே போயிருந்தாள். இரண்டாம் தடவை பழனாத்தாள் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். "ஏன் அம்மிணி, இங்க காத்தாட இருக்குதே. அவரு உனக்குன்னு எல்லாம் வாங்கிப் போட்டிருக்காரே." யோகப்பிரியா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கையை மெல்ல உருவிக்கொண்டு உள்ளே போனாள். மூன்றாம் தடவை நான் கூப்பிட்டேன். தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. செரிங் என்றும் வரவில்லை.

நாலு கிரைண்டரும் கழுவி முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். பழனாத்தாள்தான் முதலில் பேசினாள்.

"இங்கயே இருக்கட்டுமுங்க மாஷே. அந்த எடத்த வேற புள்ளைக்குக் குடுத்துருங்க."

"உள்ள கல்லுக் கழுவறதுக்காங்க?" என்றார் சென்னியப்பன், ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே.

"அவ எங்க போறாளோ அங்க."

திங்கட்கிழமை அவளுடைய இடத்தில் வேறொரு பிள்ளை சேர்ந்தது. யோகப்பிரியா ஏழு மணி பஸ்ஸில் கடைக்குப் போனாள். இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் படிவத்தில் அவள் வேலை "விற்பனை உதவியாளர்" என்று முன்பே தட்டச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு மாற்றி எழுத வேண்டியிருந்தது. மாற்றியதற்குக் காரணம் எழுத ஓர் இடம் விட்டிருந்தார்கள். சத்தம் பிடித்திருக்கலாம், தண்ணீர் பிடித்திருக்கலாம், அந்த அறையில் யாரும் அவளிடம் எதையும் கேட்க முடியாது என்பது பிடித்திருக்கலாம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது அது முழுக்க எனக்கு என்ன பிடிக்கும் என்பதாகவே இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, மாணவியின் விருப்பம் என்று எழுதினேன். இருபது வருடத்தில் நான் எழுதிய மிகச் சின்ன கட்டுரை அதுதான்.

முன் மேசையில் இப்போது சென்னியப்பனின் மருமகள் உட்காருகிறாள். போன தை மாதம் அவள் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒரே ஒரு நாள் மட்டும் முன்னால் நின்று மாவு ஊற்றும்படி சென்னியப்பன் யோகப்பிரியாவிடம் நயமாகக் கேட்டிருக்கிறார். அவள் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்குப் போய், வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை ஏழரைக்கு வந்து, பின்பக்கத்து அறையில் விளக்கைப் போட்டு, முதல் கிரைண்டரைக் கழுவத் தொடங்கினாள்.